கோமுவுக்கு, சிந்துபூந்துறையிலிருந்து அம்மா

அன்பு மக கோமுவுக்கு,

இங்க எல்லாரும் சுகம். சித்தப்பா கால் புண்ணு ஆறிட்டு வருது. தேர் நெருங்குது, ரத வீதியில கடையெல்லாம் போட்டாச்சு. நீ மாத்திரையை நேரத்துக்குப் போடுதியா? ராத்திரி கண்ணு முழிச்சு வேலை பாக்காதே. தலையில அடிபட்டவளுக்குத் தூக்கம்தான் மருந்துன்னு டாக்டர் சொன்னதை மறந்துராதே.

தூத்துக்குடி வரனைப் பத்திக் கேட்டப்போ "உங்க இஷ்டம்"னு சொல்லிட்டே. அப்பாவுக்குக் கால் தரையில பாவலை. எனக்குத்தான் அன்னைக்குத் தூக்கம் வரலை. பி.காம் சேருன்னதுக்குப் பட்டினி கிடந்து கம்ப்யூட்டர் எடுத்தவ நீ. மெட்ராஸ் வேண்டாம்னு சொன்னதுக்குப் பெட்டியைக் கட்டிட்டு நடையில வந்து நின்னவ. அந்த வாயில எப்ப முளைச்சுது இந்த "உங்க இஷ்டம்"?

போன வருஷம் பங்குனியில வண்டியில விழுந்தே. அதுக்கு முந்தின ஒன்றரை வருஷம் உங்கிட்ட இல்லை. பழசெல்லாம் நிக்கும், கிட்டத்துல நடந்ததுதான் போகும்னு டாக்டர் சொன்னாங்க. திட்டுத் திட்டா வரலாமாம். விழுந்த நேரத்துல நடந்தது மட்டும் வராமலே போகலாமாம். நீங்களா எதையும் சொல்லிக் குடுக்காதீங்க, திரும்பத் திரும்பக் கேட்டா அதையே தன் ஞாபகம்னு நம்பிரும்னாங்க. அதான் வாயை மூடிட்டு இருந்தேன். சுவத்துக் கறையைக் காட்டிக் கேட்டியே, அப்பமும் 2023 டிசம்பர் வெள்ளம்னு மட்டும்தான் சொன்னேன். அன்னைக்கு நீ எங்க இருந்தேன்னு சொல்லலை. இனியும் சொல்லாம இருக்க முடியாது.

திருச்செந்தூர் சித்தி வீட்டுக்குப் போயிட்டு அங்கேயே சென்னை ரயில் ஏறினே. ஸ்ரீவைகுண்டத்துல நிப்பாட்டிட்டாங்க. ஜல்லியைத் தண்ணி அரிச்சுத் தண்டவாளம் அந்தரத்துல தொங்கிட்டு இருந்துச்சு. சுமார் 800 பேரு. புதுக்குடி ஊர்க்காரங்க சோறு பொங்கிப் போட்டாங்க, அவங்க நல்லா இருக்கணும். 19-ம் தேதிதான் மணியாச்சிக்குக் கொண்டு போய் அங்கருந்து வேற ரயில் விட்டாங்க. இங்க நம்ம வீட்டுல இடுப்பளவு தண்ணி, நான் மாடி வீட்டு அக்காகிட்ட நின்னு நெல்லையப்பான்னு கும்பிட்டுட்டு இருந்தேன். தெரியாத நம்பர்லருந்து போன் வந்துச்சு. எடுத்தா நீ. உன் செல்லுல சார்ஜ் இல்லை, அது அவன் செல்லு. ஆழ்வார்திருநகரிக்காரன். அதே பெட்டியில வந்தவன்.

2024 ஆனித் தேர்ல வடம் அறுந்து அறுந்து தேர் நின்னுதே, அந்தக் கூட்டத்துலதான் "கூட வேலை பாக்கிறவர்"னு எனக்கு அவனைக் காட்டினே. பெத்தவளுக்குத் தெரியாதா? நீயா சொல்லட்டும்னு விட்டுட்டேன். அந்த லீவுலதான் குறுக்குத்துறையில நீச்சல் படிச்சே. படிச்சுக் குடுத்தது யாருன்னு தெக்கு வீட்டு ஆச்சி வந்து சொன்னா.

ஆஸ்பத்திரியில நீ கண்ணு முழிச்சதும் அவனைப் பாத்து, "அண்ணா, கொஞ்சம் தண்ணி எடுத்துத் தாங்க"ன்னே. எடுத்துத் தந்தான். தந்துட்டு வராண்டாவுக்குப் போயிட்டான். "சொல்லிராதீங்கம்மா, சொன்னா எனக்காகப் பரிதாபப்பட்டுச் சரின்னுருவா"ன்னான். பய நழுவப் பாக்கானோன்னுதான் நான் முதல்ல நினைச்சேன். இல்லை ளா. ஊருக்கு வரும்போதெல்லாம் உடன்குடிக் கருப்பட்டி கொண்டு வந்து தருவான். உன் பேச்சே எடுக்க மாட்டான். கிளம்பும்போது, மாத்திரை ஒழுங்காப் போடுதாளான்னு ஒரே ஒரு கேள்வி.

நீ வீட்டுல இருந்தப்போ படித்துறையில கால் வழுக்கி ஆழத்துக்குப் போனியே. எனக்கு ஈரக்குலையே நடுங்கிட்டு. நீ பாட்டுக்கு நீந்தி வந்து கரையில உக்காந்து, "எனக்கு எப்பம்மா நீச்சல் தெரியும்?"னு கேட்டே. கைகால் படிச்சது அவ்வளவு லேசுல போகாதுன்னு டாக்டர் சொன்னாங்க. உங்கிட்ட நான் ஒண்ணும் சொல்லலை. நீயும் அதுக்கப்புறம் கேக்கலை.

அதான் ளா என்னை அரிக்குது. செல்லு உடைஞ்சாலும் பழைய படமெல்லாம் புது செல்லுல இறங்கிரும்னு தம்பி இப்பத்தான் சொல்லுதான். அப்படின்னா அந்த முகத்தை நீ பாத்திருக்கணுமே. பாத்தும் கேக்கலையா? எங்களுக்குச் சங்கடம்னு முழுங்கிட்டியா? இல்ல, படத்துல அவன் பக்கத்துல நிக்கிறவளே யாரோ மாதிரி இருக்காளா? அப்படி இருந்தாலும் தப்பில்லை. பழைய கோமுவாத்தான் திரும்பி வரணும்னு நான் கேக்கலை. அவனைத்தான் கட்டிக்கணும்னும் எழுதலை. தூத்துக்குடிப் பையனையே பிடிச்சிருந்தா, பிடிச்சிருக்குன்னு வாய் விட்டுச் சொல்லு. "உங்க இஷ்டம்"னு மட்டும் சொல்லாதே. மத்ததுக்கு அப்பா என்ன குதி குதிப்பாகன்னு உனக்கே தெரியும், அதை நான் பாத்துக்கிடுதேன்.

பேரை நான் எழுதலை. அந்தப் பிள்ளைக்குக் குடுத்த வாக்குல அதையாவது காப்பாத்துதேன்.

தேர் முடிஞ்சு வர்ற வெள்ளிக்கிழமை அவங்க பொண்ணு பாக்க வர்றாங்க. அதுக்குள்ள பதில் எழுதிப் போடு. போன்ல பேச வேண்டாம், அப்பா ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பக்கத்துலயே உக்காந்துக்கிடுவாக. மாத்திரையை விடாதே. வண்டி எடுத்தா ஹெல்மெட் போடு. வண்டியே எடுக்காதே, பஸ்ல போ.

இப்படிக்கு,
அம்மா