கொட்டகையை இறுக மூடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

குளிர் வந்ததும் ஆட்டுக் கொட்டகையை நாலு பக்கமும் தார்ப்பாயால் இறுக மூடிவிடுகிறார்கள். உலர்ந்த தரை இருந்தால் வளர்ந்த ஆடு குளிரைத் தாங்கிவிடும். ஈரமும் மூத்திர நெடியும்தான் அதைச் சாய்க்கும். காற்று அடைபட்டால் அம்மோனியா தேங்கி மூச்சுக்குழாயை அரிக்கும், சளி நிமோனியாவாக முற்றும். காற்று வீசும் பக்கத்தை மட்டும் ஆட்டின் உயரத்துக்கு மேல் ஒரு சாண் வரை மறைத்து, கூரைக்கடியில் திறப்பு விடுங்கள். உள்ளே குந்தி உட்கார்ந்து பாருங்கள்: உங்கள் கண் எரிந்தால் ஆட்டுக்கும் எரியும்.

குட்டிகள் சங்கதி வேறு. பிறந்ததும் துடைத்து, தொப்புளில் அயோடின் தொட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். 2 கிலோ குட்டிக்கு முதல் நாளில் சுமார் 200 மில்லி, நாலைந்து வேளையாக. துவண்டு கிடந்தால் வாய்க்குள் விரல் விட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்து, சப்பவும் இல்லையென்றால் பாலைப் புகட்டாதீர்கள். புரையேறும், செரிக்கவும் செரிக்காது. வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி அணைத்து வையுங்கள். உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டி, தலை தூக்கிச் சப்பத் தொடங்கிய பிறகே பால்.

பெரிய ஆட்டுக்குச் சூடு, நார்த்தீவனம் வயிற்றில் நொதிப்பதில் கிடைக்கிறது. ஆகவே மாலையில் உலர்தீவனத்தைக் கூட்டுங்கள். தானியத்தை அள்ளிப் போட்டால் வயிற்றில் அமிலம்தான் ஏறும். காலைப் பனி உலருமுன் மேய்ச்சல் வேண்டாம். குடற்புழுவின் இளம்புழுக்கள் ஈரப் புல்லின் மேல் ஏறி நிற்கும் நேரம் அது.

இப்படிக்கு,
ஆடு வளர்ப்பவர் ஒருவர்