ஆட்டுச் சத்தத்தை எடுத்துவிடுங்கள்

பாட்டுப் போட்டி நிகழ்ச்சியின் தயாரிப்பாளருக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். புது சீசன் வருகிறது என்று போன வாரத்திலிருந்து முன்னோட்டம் போடுகிறீர்கள். அதில் 18 நொடி என் அக்கா மகள் வருகிறாள். எந்த 18 நொடி என்று உங்களுக்குத் தெரியும். சரணத்தில் மேலே போகிற இடத்தில் அவள் குரல் பிசிறுகிறது. உடனே ஓர் ஆடு கத்துகிறது. நடுவர் ஒருவர் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரிக்கிறார். ஆடு உங்கள் எடிட்டர் சேர்த்தது. 2 வருடத்துக்கு முன் ஒளிபரப்பியதை இப்போது தூசி தட்டி எடுத்திருக்கிறீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான்: அந்தத் துண்டை முன்னோட்டத்திலிருந்தும் இணையத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

அவள் தேர்வாகாதது பற்றி எங்களுக்குப் புகார் இல்லை. திரும்பி வரும்போது அவளே சொன்னாள், "சரியா பாடல மாமா" என்று. ஆனால் அன்று நடந்தது அந்த 18 நொடி மட்டும் இல்லையே. காலை 6 மணிக்கு டோக்கன் வாங்கினோம். சின்ன அறையில் உங்கள் ஆட்கள் 2 பேர் கேட்டுவிட்டு "சூப்பர்மா" என்று அடுத்த சுற்றுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் தேறினாள். மேடைக்குக் கூப்பிட்டபோது இரவு பத்தே முக்கால். பெயர் கூப்பிடும்போது இடத்தில் இல்லாமல் போய்விடுவோமோ என்று அதுவரை தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. அவள் பாடுவது 5 கட்டை சுருதியில். நீங்கள் ஓடவிட்ட இசை டிராக் அதைவிட உயரம், ஆறரைக் கட்டை. கொஞ்சம் இறக்க முடியுமா என்று மைக்கிலேயே கேட்டாள். "டைம் இல்லம்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார்கள். அவள் கேட்டதை வெட்டிவிட்டீர்கள், பிசிறியதை வைத்துக்கொண்டீர்கள்.

நடுவர் முன்னால் வந்து நிற்பவர்கள் ஏற்கெனவே சலித்தெடுக்கப்பட்டவர்கள் என்பது இந்தத் தொழிலில் யாருக்கும் புதிது இல்லை. சிலரைப் பாட்டுக்காக அனுப்புவீர்கள், சிலரைச் சிரிப்புக்காக. எந்த வரிசையில் நிற்கிறோம் என்பதை மட்டும் நிற்பவர்களிடம் சொல்வதில்லை.

படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்பீர்கள். போட்டாள்தான், வரிசையில் நின்றபடியே, முன்னால் நின்ற பெண்ணின் முதுகில் தாளை வைத்து. முடிந்தவரை படித்துப் பார்த்தேன். அதில் ஆடு பற்றி ஒன்றும் இல்லை.

இப்போது அவள் அலுவலகத்தில் ஒருவர் அந்தச் சத்தத்தை ரிங்டோனாக வைத்திருக்கிறார். அது அடிக்கும்போதெல்லாம் அவளும் சேர்ந்து சிரித்துவிடுகிறாளாம். வீட்டில் பாத்திரம் கழுவும்போதுகூட ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருந்த பெண். இப்போது குழாய்ச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

தேர்வுச் சுற்று, நடுவர் மேசை, மக்கள் வாக்கு என்ற இந்த அமைப்பை உலகமெல்லாம் பரப்பிய 'பாப் ஐடல்' 2001-ல் பிரிட்டனில் தொடங்கியது. அங்கே ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம், நிகழ்ச்சியில் கலந்துகொள்வதால் பெரிய பாதிப்பு வரக்கூடியவர்களின் நலனில் தொலைக்காட்சிகள் உரிய அக்கறை எடுக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலிலிருந்து விதியே வைத்திருக்கிறது. போட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தீர்கள். அந்த விதியையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் என்ன?

சொல்ல ஆரம்பித்தால் நிறைய வருகிறது. "முடிவு... இடைவேளைக்குப் பிறகு" என்று சொல்லி எத்தனை இடைவேளை! யாருக்கு எத்தனை வாக்கு என்று ஒருநாளாவது திரையில் காட்டினீர்களா? நடுவரின் ஒரு சொட்டுக் கண்ணீரை மூன்று கோணத்தில் மெதுவாக ஓட்டிக் காட்ட மட்டும் நேரம் இருக்கிறது. அன்றைக்கு உங்கள் உதவியாளர் ஒரு தம்பி, "வீட்டுல ஏதாவது கஷ்டம் உண்டாக்கா? அப்பா இருக்காரா?" என்று இவளிடம் கேட்டார். அப்பா நன்றாக இருக்கிறார் என்றதும் அவர் முகம் வாடியதைப் பார்க்க வேண்டுமே. சோகக் கதை கிடைக்காததால்தான் ஆட்டுக்குப் போனீர்களோ என்னவோ.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். ஜெனிஃபர் ஹட்சன் 2004-ல் 'அமெரிக்கன் ஐடல்' போட்டியில் ஏழாவது இடத்தோடு வெளியேறி 2007-ல் ஆஸ்கார் வாங்கினார். எங்கள் பெண்ணுக்கு அப்படியெல்லாம் ஆசை கிடையாது. வீட்டுக்குள் பயமில்லாமல் பாடினால் போதும்.

ஆகவே தயவுசெய்து அந்த 18 நொடியை எடுத்துவிடுங்கள். இனிமேல் தேர்வாகாதவர்கள் பாடியதைப் போடுவதாக இருந்தால், எடிட் செய்ததை முதலில் அவர்களுக்குக் காட்டிச் சம்மதம் கேளுங்கள். முன்னோட்டம் தினமும் இரவு எட்டரைக்கு வருகிறது. இன்றைக்கு எட்டரைக்குள் முடிந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
அந்தப் பெண்ணின் தாய்மாமன்