கரம் என்பது கையன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

‘கரம் என்றால் கை, கையால் சுண்டி ஆடுவதால் தமிழர் இட்ட பெயர் இது’ என்று கரம் (கேரம்) விளையாட்டைப் பற்றிச் சென்ற ஞாயிறு தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த வரியை, மறுநாள் எங்கள் சனசமூக நிலையத்தில் கரம் போட்டைச் சுற்றி நின்ற பிள்ளைகளிடம் மறுத்துச் சொன்னேன். “பேப்பரிலயே வந்திருக்குது, சேர்” என்றான் ஒரு மாணவன். முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த எனக்கு அவனிடம் சொல்ல வார்த்தை வரவில்லை.

கையைக் குறிக்கும் ‘கரம்’ வடசொல் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். விளையாட்டின் பெயரோ, கோலால் பந்துகளை அடித்து ஆடும் பில்லியர்ட்ஸ் மேசையிலிருந்து வந்தது. அம்மேசையின் சிவப்புப் பந்தைப் பிரெஞ்சுக்காரர் ‘கராம்போல்’ என்றனர். நட்சத்திரப் பழத்துக்குப் போர்த்துக்கேயர் வழங்கிய ‘கராம்போலா’ என்ற பெயரே, அதுவும் மராத்தியிலிருந்து அவர்கள் பெற்றதாகக் கருதப்படும் பெயர், பந்துக்கும் ஆகியிருக்கலாம் என்பது அகராதியாளர் கருத்து. பிறகு, அடிக்கும் பந்து ஒரே அடியில் மற்ற இரு பந்துகளிலும் படுவதை அச்சொல் குறித்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் ‘கேரம்’ என்று குறுகியது. அமெரிக்கர் எதிலும் பட்டுத் தெறிப்பதை அவ்வாறு சொல்கிறார்கள். ஜேர்மனியர் வாகனங்கள் தொடராக மோதிக்கொள்வதைக் ‘கரம்போலாஜ்’ என்கிறார்கள். நம் பலகையில் ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்புக் காய்களின் நடுவே இருக்கும் ஒற்றைச் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பந்துதான் நினைவுக்கு வரும்.

இதே சொல் பிரித்தானியரிடம், பீரங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வடிவிலேயே, ‘கனன்’ என்று திரிந்தது. பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரருக்கு இரண்டு புள்ளி பெற்றுத்தரும் அந்த அடியைச் சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் பத்திரிகை ‘பீரங்கி அடி’ என்று மொழிபெயர்த்தது. ஆட்லறிச் சத்தம் கேட்டுப் பிள்ளைகளோடு பங்கருக்குள் இறங்கி, 2009இல் கட்டிய துணியோடு முகாமுக்குப் போன வன்னி வாசகர்களுக்கு முன் அச்சொல்லை வைப்பதற்குமுன் ஒருவராவது அகராதியைப் புரட்டியிருக்க வேண்டாமா? அப்போதும் எழுதினேன். கடிதமும் வெளிவரவில்லை, பதிலும் வரவில்லை. எங்கள் ஊர்ப் பெயர்கள் பிழையாக அச்சாகிய வேளைகளில் எழுதியவற்றுக்கும் அதுவே நேர்ந்தது.

தமிழின் பெருமைக்கு இல்லாத வேர் தேவையில்லை, ஐயா. வரும் ஞாயிறு அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் ஒன்றை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதை நறுக்கிச் சனசமூக நிலைய அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கிளிநொச்சி