கார்பன் நகல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம். அப்பாவுக்கு வலது கண் அறுவை முடிந்துவிட்டது. இடது கண்ணை அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார்கள். நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. பணம் ஒழுங்காக வருகிறது, குரல்தான் வரக் காணோம். குறை சொல்லவில்லை. உனக்கு வேலை அதிகம் என்று எனக்குத் தெரியாதா? ஏழு வாரம் ஒன்றும் பெரிய காலமில்லை.

இரவு வெகுநேரம் கண்விழிக்காதே. கண் நம் குடும்பத்துக்கு ஆகாத உறுப்பு.

பத்திரிகையில் உன் பேட்டி வந்த பக்கத்தை வெட்டி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். அப்பா ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தார். மாடி வீட்டுக்காரருக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறார். அந்தப் பழைய விவகாரத்துக்குப் பிறகு அவர்களோடு பேசியதே இப்போதுதான், அதுவும் உன்னால். படத்தில் மெலிந்து தெரிகிறாய். நான்காவது பத்தியில் 'தேர்வுக் குழு'வுக்கு ஒற்று விட்டிருக்கிறார்கள். தட்டச்சுக்காரியின் கண் அங்கேதான் போகும். அதற்கு அடுத்த வரி, "எனக்காக யாரும் எந்தக் கதவையும் திறந்துவிட்டதில்லை" என்பது. அப்பா அதை உரக்கப் படித்தார், பெருமையாகத்தான். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொன்னேன். ஒன்றும் வைத்திருக்கவில்லை.

சித்தியை ஒரு முறை கூப்பிட்டுப் பேசிவிடு.

அவள் கோபமாக இருக்கிறாள் என்று நான் சொல்லவில்லை. அவள் வருவதில்லை, அவ்வளவுதான். அவள் மகன் அன்று உன்னிடம் வேலை கேட்டா வந்தான்? அந்தத் தேர்வுக்கு எதைப் படிப்பது, நேர்முகத்தில் என்ன கேட்பார்கள், யாரைப் பார்த்து விசாரிப்பது என்று கேட்க வந்தான். முதல் நாளே சட்டையைத் தேய்த்துத் தொங்கவிட்டிருந்தான் என்று பிறகு சித்தி சொன்னாள். சான்றிதழ் கோப்பை உன்னிடம் நீட்டினான். நீ வாங்கினாய், திறக்காமல் மேசைமேல் வைத்தாய், அதன்மேல் உன் கைபேசியை வைத்தாய். "திறமை இருந்தால் போதும், யாரையும் பார்க்க வேண்டியதில்லை" என்றாய். பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் அவனால் கிளம்ப முடியவில்லை. கோப்பின்மேல் உன் கைபேசி இருந்தது. அதைத் தொட்டு நகர்த்த அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. உனக்கு ஓர் அழைப்பு வந்து நீ எடுக்கும்வரை, கால் மணி நேரம் நின்றுகொண்டே இருந்தான். நீ கவனித்திருக்க மாட்டாய். நான் கவனித்தேன். நான் மட்டும் என்ன செய்துவிட்டேன்? தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

நீ சிபாரிசு செய்திருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. செய்யாதது சரி. உன் நேர்மையில் எனக்குச் சந்தேகமே கிடையாது, ஊரெல்லாம் சொல்லிக்கொள்வேன். ஆனால் வழி சொல்வது சிபாரிசு ஆகுமா?

சென்ற முறை நீ மறந்து வைத்துவிட்டுப் போன அறிக்கையை நான்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், உலக ஏற்றத்தாழ்வு பற்றி 2022ஆம் ஆண்டுக்கு வந்தது. உலகத்துச் சொத்தில் 76 விழுக்காடு மேல்தட்டுப் பத்து விழுக்காட்டினரிடம் இருக்கிறது, கீழ்ப்பாதி மக்கள் அத்தனை பேருக்குமாகச் சேர்த்து 2 விழுக்காடுதான் என்ற இடத்தில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருக்கிறாய். இரண்டு கோடு. உலகம் என்றால் இரண்டு கோடு போடுகிற பெண், வீட்டுக்கு வந்த பையனுடைய கோப்பைத் திறந்து பார்க்கவில்லையே என்று தோன்றியது. எழுதியபின் கடுமையாகத் தெரிகிறது. அடிக்கவில்லை, இருக்கட்டும்.

கல்லூரிக் காலத்தில் நீதான் எனக்குப் பிரிட்டிஷ் சமூகவியலாளர் மைக்கேல் யங் கதையைச் சொன்னாய். 'மெரிட்டாக்ரசி', அதாவது தகுதியுள்ளவர்களின் ஆட்சி, என்ற சொல்லை 1958இல் அவர் எச்சரிக்கையாகத்தான் எழுதினார். அதையே எல்லோரும் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டார்கள் என்று 2001இல் கிழவர் நொந்துபோய் எழுதினார் என்று சொல்லிச் சிரித்தாய். தகுதியால் வந்தோம் என்று நம்புகிறவர்களுக்குக் கீழே இருப்பவர்கள்மேல் இரக்கம்கூட வராது, அதுதான் அவர் பயம் என்றாய். எனக்கு அப்போது அது பாதிதான் புரிந்தது.

பெரியவர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் தட்டச்சு செய்தேன். பணக்காரர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுடைய கடிதங்களிலிருந்து தெரிந்ததுதான். நகை, கார் எல்லாம் வெளியே தெரிகிற விஷயம். உள்ளே இருந்து பார்த்தால் அவர்களிடம் இருந்து நம்மிடம் இல்லாதது ஒன்றுதான், தோற்பதற்கான வசதி. அவருடைய மகன் இரண்டு தொழில்களை அடுத்தடுத்து மூழ்கடித்தான். தவணை கேட்டு வங்கிக்குப் போன கடிதங்கள் எல்லாம் என் விரல் வழியாகத்தான் போயின. "எதிர்பாராத சந்தைச் சூழல் காரணமாக" என்று தொடங்கும். வங்கியும் மரியாதையாகப் பதில் எழுதும். மூன்றாவது தொழில் ஓடியது. அதற்குப் பிறகு அவனைத் துணிச்சல்காரன் என்று மேடையில் புகழ்ந்தார்கள். அதே வருடம், உன் காய்ச்சலுக்காக நான் சொல்லாமல் எடுத்த ஒரு நாளுக்குச் சம்பளம் பிடித்தார்கள். சந்தைச் சூழல் என்று நான் எழுதிக் கொடுக்க முடியுமா? சித்தி மகன் ஒரே ஒரு முறைதான் தோற்றிருக்கிறான். அதற்குள் அவன் பெயரோடு அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

சித்தியைக் கூப்பிடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருப்பாள்.

அமெரிக்காவில் 2019 மார்ச்சில் வெளியான அந்தப் பல்கலைக்கழக மோசடி உனக்கு நினைவிருக்கும். ஓர் ஆலோசகர் பணக்காரப் பெற்றோரிடம் பணம் வாங்கி, அதில் ஒரு பங்கைப் பயிற்சியாளர்களுக்குக் கொடுத்து, ஆடாத விளையாட்டில் பிள்ளைகளை வீரர்களாகக் காட்டி இடம் வாங்கிக் கொடுத்தார். அந்த ஆளுக்கு மூன்றரை வருடம் சிறை கிடைத்தது. முன்வாசல் என்றால் சொந்தத் தகுதியில் நுழைவது, பின்வாசல் என்றால் பெருந்தொகையை நன்கொடையாகக் கொடுத்து நுழைவது, தான் திறந்தது பக்கவாசல் என்று அவர் விளக்கமே கொடுத்திருக்கிறார். பிடிபட்டது பக்கவாசல் மட்டும்தான். பின்வாசலுக்கு அப்போது சட்டத்தில் தடை இருக்கவில்லை. 2023இல் பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடன் இன்னும் இரண்டு அறிஞர்களும் செய்த ஆய்வையும் படித்தேன். ஒரே தேர்வு மதிப்பெண் வாங்கியிருந்தாலும், உச்சி ஒரு விழுக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளை அமெரிக்காவின் பன்னிரண்டு பெரிய கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பெற்றோர் அங்கே படித்திருந்தால் தரும் முன்னுரிமை, விளையாட்டு ஒதுக்கீடு, படிப்புக்கு வெளியே உள்ள 'ஆளுமை'க்குத் தரும் மதிப்பு, இவைதான் முக்கியக் காரணங்களாம்.

இதையெல்லாம் படித்துக்கொண்டு வரும்போது எனக்கு ஒன்று உறுத்தியது. பெற்றோர் பெயர் இருக்கிறது, பயிற்சியாளர் பெயர் இருக்கிறது. இடம் கிடைக்காமல் போன பிள்ளை யார் என்று எங்கேயும் இல்லை.

எனக்கு அப்படி ஒரு பிள்ளையைத் தெரியும்.

உன்னை அந்தப் பள்ளியில் சேர்த்தபோது ஒரு கடிதம் கொடுத்தோம். பெரியவர் கொடுத்தது என்று அப்பா இன்றுவரை நம்புகிறார். வருடா வருடம் அவருக்கு வாழ்த்து அட்டை அனுப்பிக்கொண்டிருந்தாரே, அதற்காகத்தான். பெரியவர் அப்படி எதையும் கொடுக்கவில்லை. நான் கேட்கவே இல்லை. கேட்டால் மறுத்துவிடுவார் என்று பயம். அவருடைய தலைப்புத் தாளில் நானே தட்டச்சு செய்தேன், எல்லோரும் போனபின். "இந்தச் சிறுமியையும் இவள் குடும்பத்தாரையும் நான் நெடுங்காலமாக நேரில் அறிவேன்" என்று. அவர் உன்னைப் பார்த்ததே கிடையாது. என்னையே, தட்டச்சு எங்கே என்றுதான் கேட்பார், பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மறுநாள் காலை கையெழுத்துக் கோப்பில், சரக்குக் கட்டணக் கடிதத்துக்கும் ஒரு திருமண வாழ்த்துக்கும் நடுவில் செருகி நீட்டினேன். அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டே புரட்டிப் புரட்டிக் கையெழுத்துப் போட்டார். உன்னுடையதற்கு மூன்று விநாடி ஆகியிருக்காது. அந்த மூன்று விநாடியில் என் கால் நடுங்கிய நடுக்கம் இப்போதும் முழங்காலில் இருக்கிறது.

அதைக்கூட மன்னித்துக்கொள்வேன். அடுத்ததைத்தான் யாரிடமும் சொன்னதில்லை.

பள்ளியில் காத்திருந்தோமே, அந்த நீள பெஞ்சில் பக்கத்தில் ஒரு பெண்ணும் அவள் மகளும் இருந்தார்கள். உனக்கு நினைவிருக்காது, நீ பெஞ்சின் அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாய். அந்தக் குழந்தை சுவரில் எழுதியிருந்த விதிமுறைகளை முதலிலிருந்து கடைசிவரை தடங்கலில்லாமல் வாசித்தது. நீ அப்போது எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். அந்தத் தாய் என் பக்கம் குனிந்து, "யாரிடமாவது கடிதம் வாங்கி வரவேண்டும் என்கிறார்களே, உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டாள். கடிதம் என் மடியில் பைக்குள் இருந்தது. தாளின் விறைப்பு துணி வழியாகத் தெரிந்தது. நான் சொன்னேன்: "அதெல்லாம் வேண்டாம். பிள்ளைக்குத் திறமை இருந்தால் போதும்."

அவள் முகம் அப்படியே தெளிந்தது. மகளின் தலையைத் தடவினாள். என்னை நம்பிவிட்டாள்.

பள்ளி திறந்த அன்று வரிசையில் அந்தக் குழந்தையைத் தேடினேன், அடுத்த வாரமும் தேடினேன். இல்லை. எத்தனை இடம் இருந்தது என்று எனக்குத் தெரியாது, கடிதத்தால்தான் அது நடந்தது என்றும் சாட்சி கிடையாது. இப்படித்தான் இத்தனை வருடமாக எனக்கு நானே வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

அதன்பிறகு நீ வாங்கிய ஒவ்வொரு மதிப்பெண்ணும் உன்னுடையதுதான். விளக்கை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நீ படித்ததை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு புள்ளிகூட யாரும் கொடுத்ததில்லை. இதைப் படித்துவிட்டு உன்னை நீயே குறைத்துக்கொண்டால் எனக்குக் கோபம் வரும். ஆனால் அன்று சித்தி மகனிடம் நீ அந்த வாக்கியத்தைச் சொன்னபோது, "திறமை இருந்தால் போதும்" என்று சொல்லுக்குச் சொல் அதேதான், உனக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நான் உன் முன்னால் வேறு எப்போதாவது சொல்லியிருக்கிறேனா? பெஞ்சின் அடியில் இருந்தவளுக்குக் காது கேட்டிருக்குமா?

அந்தக் கடிதத்தின் கார்பன் நகல் இந்த உறைக்குள் இருக்கிறது. நான்காக மடித்தது, மடிப்பில் கிழிந்திருக்கும், மெதுவாகப் பிரி. 'ஓ' எழுத்தின் வட்டமெல்லாம் மை அடைத்திருக்கும். அந்த இயந்திரம் அப்படி. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். தெரியட்டும் என்று நீ நினைத்தால் இடது கண் அறுவை முடியட்டும்.

நேரத்துக்குப் படு. சித்தி வீட்டுத் தொலைபேசி எண் மாறிவிட்டது, புதியதைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவன் எடுத்தால் வைத்துவிடாதே.

அம்மா