கடற்கரை மலசலகூடத்தின் திறப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆவணி விடுமுறை முடிந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். சித்திரை விடுமுறைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. மனம் வைத்தால் அதற்குள் செய்துமுடிக்கக்கூடிய ஒரு காரியத்தைப் பற்றியே, யாழ்ப்பாணக் கடற்கரையில் குடும்பங்கள் இரவில் கூடாரம் அடித்துத் தங்க ஒழுங்கான இடம் வேண்டும் என்பதைப் பற்றியே, இதை எழுதுகிறேன்.

ரொறன்ரோவிலிருந்து தம்பி குடும்பம் வந்திருந்தது. அவர்கள் நாலு பேர், நாங்கள் ஐந்து பேர், அம்மாவோடு பத்துப் பேர். கரையோரமாக மூன்று நாள் சுற்றி, இரவில் கூடாரம் அடித்துப் படுக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. காரைநகர் கசூரினாவில் தொடங்கி, கீரிமலை, காங்கேசன்துறை, தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை என்று வந்து, மணற்காடு வழியாகச் சுண்டிக்குளம் வரை போவதாகத் திட்டம். தம்பி அங்கேயிருந்து இரண்டு கூடாரங்கள் கொண்டுவந்திருந்தான். ஒன்ராறியோவில் மாகாணப் பூங்காக்களில் கூடாரம் அடிக்க ஐந்து மாதத்துக்கு முன்பே இடம் பதியலாமாம். இங்கே யாரிடம் பதிவது என்று அவன் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

முதல் நாள் இரவுக்கு ஒரு இடத்துக்கு முற்பணம் அனுப்பியிருந்தோம். போய்ப் பார்த்தால் அதே இடத்தை இன்னும் இரண்டு குடும்பங்களுக்கும் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் பாட்டும் போத்தலுமாக ஒரு கூட்டம். வயதுவந்த பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே எப்படிப் படுப்பது? இரவோடு இரவாக வீடு திரும்பினோம்.

அடுத்த நாள் பின்னேரம் வடமராட்சிப் பக்கம் ஒரு கடற்கரைக்குப் போனோம். ஊரின் பெயரை எழுதவில்லை, அங்குள்ள காவலாளிக்கு என்னால் தொல்லை வரக்கூடாது. நல்ல மணல், சவுக்கமர நிழல், புதிதாகக் கட்டிய மலசலகூடம், கைகழுவக் குழாய் எல்லாம் இருந்தன. பிள்ளைகள் கூடாரத்தை விரிக்கத் தொடங்கினார்கள். ஆறு மணி அடித்ததும் காவலாளி வந்து மலசலகூடத்தைப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வருத்தம், சலரோகம். இரவில் மூன்று தரமாவது எழும்ப வேண்டும். திறப்பைத் தந்துவிட்டுப் போங்கோ, விடிய நாங்களே கழுவித் தருகிறோம் என்று கெஞ்சினேன். “அக்கா, ஆறு மணிக்குப் பூட்டச் சொல்லித்தான் சொல்லியிருக்கினம். திறப்பைத் தந்தா நாளைக்கு என்னைத்தான் கேப்பினம்” என்றார். அவர் முகத்தைப் பார்த்தபோது அவர்மேல் கோபம் வரவில்லை. சொன்னதைச் செய்கிற மனிசன்.

அன்றிரவு எங்களைக் காப்பாற்றியது ஒரு கடற்றொழிலாளர் குடும்பம். சோளகக் காற்று கூடாரத்தைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தது. பக்கத்து மீன்வாடியிலிருந்து வந்த பெரியவர், “மணலுக்க ஆணி நிக்காது தம்பி” என்று சொல்லி, உரப்பைகளில் மணல் நிரப்பி, கயிற்றை அவற்றில் கட்டி முழங்கால் ஆழத்துக்குப் புதைத்துக் காட்டினார். அதற்குப் பிறகு கூடாரம் அசையவில்லை. அவருடைய மனைவி அம்மாவைக் கையில் பிடித்து வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். இரவு முழுக்க முன்கதவைப் பூட்டாமல் வைத்திருந்தார். மீன் பொரித்துத் தரவும் கேட்டார். நல்லூர்க் கந்தன் கோயில் கொடி ஏறியிருக்கிறது, மச்சம் சாப்பிடமாட்டோம் என்று சொன்னதும், “ஓமோம், நானும் மறந்துபோனன்” என்று பிளேன்ரீயும் பனங்கட்டியும் கொண்டுவந்தார். காசு கொடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார்.

இதை நன்றியோடு எழுதுகிறேன், மனவருத்தத்தோடும் எழுதுகிறேன். விடுமுறை நாளில் கடற்கரைக்கு வரும் குடும்பங்கள் ஒவ்வொன்றும் அந்த அம்மாவின் கதவைத்தான் தட்ட வேண்டுமா?

நல்லூர்த் திருவிழா 25 நாள். அதே காலத்தில் பள்ளிக்கூட விடுமுறை, வெளிநாட்டுச் சொந்தங்களின் வருகை, நயினாதீவுக்குப் போகும் தென்னிலங்கை யாத்திரிகர்கள் எல்லாம் ஒன்றாக வரும். நகரத்து விடுதிகள் நிரம்பிவிடும், கிடைக்கிற அறையின் வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். மார்கழி விடுமுறையில் இந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி வந்தாலும் அது எங்களுக்கு மாரிகாலம், வெளியில் படுக்க முடியாது. ஆகவே நடுத்தரக் குடும்பமொன்று கடற்கரையில் ஓரிரவு தங்குவதற்குத் தோதான காலம் சித்திரையும் ஆவணியும்தான். அந்த இரண்டு மாதத்திலும் ஒழுங்கான இடம் இல்லை.

வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிய விசயமா? பருத்தித்துறையில் தெருமூடி மடம் இன்றைக்கும் நிற்கிறது. வீதியே அதற்குள்ளால் போகிறது, இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்து இளைப்பாறுவதற்குத் திண்ணை. பழைய வீதியோரங்களில் சுமைதாங்கி, மாடு குடிக்கத் தண்ணீர்த் தொட்டி, அது முதுகு தேய்க்க ஆவுரோஞ்சிக்கல், பக்கத்தில் கேணி, மடம் என்று வைத்திருந்தார்கள். வண்டில் கட்டிக் கோயிலுக்கு வந்த சனம் பாயை விரித்துப் படுத்தது, மூன்று கல் வைத்துச் சமைத்தது. மாட்டுக்குக்கூட இடம் பார்த்த ஊரில், நடக்க ஏலாத ஒரு கிழவிக்கு மலசலகூடம் ஆறு மணியோடு பூட்டப்படுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நாங்கள் கேட்பது ஹொட்டேல் இல்லை. வேலி அடைத்த ஒரு துண்டு நிலம், இரவிலும் திறந்திருக்கும் மலசலகூடம், குடிதண்ணீர்த் தாங்கி, இரண்டு மின்விளக்கு, இரவுக்கு ஒரு காவலாளி, முற்பதிவு செய்ய ஒரு தொலைபேசி இலக்கம். ஒரு இரவுக்கு இத்தனை கூடாரம்தான் என்று கணக்கு வைத்து, அதற்கு மேல் எடுக்கக்கூடாது. கட்டணம் வாங்கட்டும், பற்றுச்சீட்டோடு. வில்பத்து போன்ற தேசிய பூங்காக்களில் வனசீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே பதிந்து, குறித்த இடத்தில் கூடாரம் அடிக்கும் ஒழுங்கு பல காலமாக இருக்கிறது. காட்டுக்குள் செய்யக்கூடியதைக் கடற்கரையில் ஏன் செய்ய முடியாது?

இடம் தெரிவு செய்யும்போது முதலில் கேட்க வேண்டியது அந்தந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தை. கடற்கரை எங்களுக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்கு அது வேலைத்தலம். கரைவலை இழுக்கும் இடத்துக்குள் கூடாரம் அடித்தால் விடிய வலை இழுக்க வழி இருக்காது. வள்ளம் ஏற்றும் இடம், வலை காயப்போடும் இடம், வாடி எல்லாம் தவிர்த்த பிறகு மிஞ்சும் நிலத்தை அவர்களே காட்டுவார்கள். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் ஊர்ச் சங்கத்துக்கும் மாதர் சங்கத்துக்கும் கொடுத்தால், காலையில் இடியப்பமும் சொதியும், இரவில் புட்டும் என்று அந்தப் பெண்களின் கையிலும் நாலு காசு புழங்கும்.

வடமராட்சி கிழக்கில் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். பருத்தித்துறையிலிருந்து சுண்டிக்குளம் வரை ஏறத்தாழ 50 கிலோமீற்றர் கரை. 2004 மார்கழி 26 அந்தக் கரை முழுவதையும் கடல் கொண்டுபோன நாள். உடுத்துறையில் நினைவாலயம் இருக்கிறது. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டுக்குப் பக்கத்தில் இரவிரவாகப் பாட்டுப் போட்டு ஆடுவது எந்த வகையில் நியாயம்? எந்தப் பாதையால் உயரமான இடத்துக்கு ஓட வேண்டும் என்ற அறிவித்தல் பலகையும் கூடாரம் அடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் கட்டாயம் வேண்டும்.

தண்ணீரும் அப்படித்தான். அந்த மணற்பிட்டிகளுக்குக் கீழே நல்ல தண்ணீர் மெல்லிய படையாக உவர்நீரின்மேல் நிற்கிறது. மோட்டர் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவர் பற்றும், அதற்குப் பிறகு ஊர்ச்சனம் எங்கே போகும்? ஆகவே பவுசரில் கொண்டுவந்து தாங்கியில் நிரப்ப வேண்டும். மலசலகூடக் குழியும் கசியாத தொட்டியாக இருக்க வேண்டும், கிணறுகளுக்குத் தள்ளி அமைய வேண்டும். கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981இல் வந்தது. கடலிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கட்டுவதற்கு அனுமதி எடுக்க வேண்டும். அந்தச் சட்டம் இதற்குத் தடையாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கூடாரம் விடிந்தால் சுருட்டப்படும் பொருள். கொங்கிறீற் போட்டு மணற்காட்டு மணல்மேடுகளை வெட்டாமல் இருப்பதே நல்லது.

அடுப்பையும் சொல்ல வேண்டும். சவுக்கமரத்துக்குக் கீழே ஆவணி மாதச் சருகு அரை அடிக்குக் கிடக்கிறது. எங்கள் சின்னவன் மூன்று கல் வைக்கப் போனபோது அந்தப் பெரியவர்தான் ஓடிவந்து தடுத்தார். ஒரு பொறி போதும், காற்றுக்கு முழுச் சவுக்கங்காடும் எரியும் என்றார். சீமெந்து அடுப்பு நாலைந்தை வெறும் மணலில் தள்ளிக் கட்டிவிட்டால் அந்தப் பயம் இல்லை.

குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. நாங்கள் படுத்த இடத்தில் எங்களுக்கு முதல் வந்தவர்கள் விட்டுப்போன பிள்ளைகளின் பம்பர்ஸ், லஞ்ச் சீற், உடைந்த போத்தல் எல்லாவற்றையும் பொறுக்கி இரண்டு உரப்பை நிரப்பினோம். அங்கே வெறுங்காலோடு வலை இழுக்கிறார்கள். பெரியவரின் குதிக்காலில் கண்ணாடி கிழித்த தழும்பை அவர் காட்டினார்.

கரையோரப் பிரதேச சபைகள் எல்லாம் ஒரே நாளில் இதைத் தொடங்க வேண்டும் என்று கேட்கவில்லை. வடக்கு மாகாண சுற்றுலாப் பணியகமும் பிரதேச சபைகளும் பேசி, காரைநகர்ப் பக்கம் ஒன்று, வடமராட்சியில் ஒன்று என்று இரண்டே இரண்டு இடத்தை வருகிற சித்திரைக்குச் செய்து பார்க்கட்டும். மாரி முடிந்து தைப்பொங்கலோடு வேலையைத் தொடங்கினால் காலம் போதும். அதுவும் முடியாவிட்டால், ஏற்கெனவே கட்டியிருக்கும் மலசலகூடங்களின் திறப்பை விடுமுறைக் காலத்தில் மட்டுமாவது இரவுக் காவலாளி ஒருவரிடம் கொடுங்கள். அதற்குப் புதிதாக ஒரு கல்லும் வைக்கத் தேவையில்லை, ஒருவருக்கு இரவுச் சம்பளம் மட்டும்.

தம்பி குடும்பம் போய்விட்டது. அந்த வீட்டு அம்மாவின் தொலைபேசி இலக்கத்தை என் அம்மா கைப்பைக்குள் மடித்து வைத்திருக்கிறார். போன கிழமை எடுத்துக் கதைத்தபோது, “சித்திரைக்கும் வாங்கோ, கதவு பூட்டமாட்டன்” என்றாராம்.

இங்ஙனம்,
ஒரு வாசகி,
கோண்டாவில்.