ஆற்றில் இறங்குவதற்கு முன்

அன்புள்ள கண்ணா,

ஜூலையில் நீங்கள் இரண்டு பேரும் சஸ்கட்டூன் வருகிறீர்கள், ஒரு நாள் முழுக்கக் கயாக்கில் தெற்கு சஸ்காட்செவன் ஆற்றோடு போக வேண்டும் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி, உன்னோடு வருகிறவளுக்கும் படித்துக் காட்டு.

பள்ளிக்கூடம் போகும்போது பாலத்து மேலிருந்து தினமும் பார்த்த ஆறுதான். ஆனால் நீ அதில் இறங்கியதே இல்லை. நகரத்துக்குத் தெற்கே, 219-ம் நெடுஞ்சாலைப் பக்கம் படகை இறக்கினால், விக்டோரியா பூங்காத் துறையில் வந்து கரையேறலாம். ஆறு வடக்கு நோக்கிப் போகிறது. சாலையில் போகும்போது கண்ணுக்கு எட்டிய மட்டும் கோதுமையும் கனோலாவும் தெரியுமே, தண்ணீரில் உட்கார்ந்தால் அதெல்லாம் மறைந்துவிடும். ஆறு சமவெளியை அறுத்துக்கொண்டு பள்ளத்தில் ஓடுவதால், இரண்டு பக்கமும் கரை, மேலே வானம், அவ்வளவுதான். செங்குத்தாக அறுபட்ட கரைகளில் வரிசையாகத் துளைகள் தெரியும். அத்தனையும் மண்குருவிகளின் கூடுகள். படகு கிட்டே போனால் கூட்டமாக வெளியே பாயும்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்டால், ராக்கி மலைகளில் இருந்து என்று சொல். போ ஆறும் ஓல்ட்மேன் ஆறும் ஆல்பர்ட்டாவில் சேரும் இடத்திலிருந்துதான் இதற்குத் தெற்கு சஸ்காட்செவன் என்று பெயர். நமக்கு மேலே கார்டினர் அணை இருக்கிறது. 1967-ல் திறந்தார்கள். டீஃபன்பேக்கர் ஏரி அந்த அணை தேக்கிய தண்ணீர்தான். அங்கே எவ்வளவு திறந்து விடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் இங்கே ஆற்றின் மட்டம். போன வாரம் நடந்து கடந்த மணல்திட்டு இந்த வாரம் முழுகியிருக்கும். அதனால் கிளம்பும் அன்று காலையில் நீர் அளவைப் பார்த்துவிட்டுத்தான் காரில் படகை ஏற்ற வேண்டும்.

மணலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். இந்த ஆறு முழுக்க மணல்திட்டுகள், அதுவும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். தண்ணீர் வெளிர் நிறமாக, சின்னச் சின்ன அலையாக நடுங்கினால் அங்கே ஆழமில்லை. கருப்பாக, வழவழப்பாக ஓடும் இடத்தில்தான் ஆழம். வளைவுகளில் பெரும்பாலும் வெளிப்பக்கக் கரையை ஒட்டியே ஆழமான நீர் போகும். தவறிப்போய்த் திட்டில் ஏறிவிட்டால் அடியில் சரசரவென்று மணல் உரசும், படகு நின்றுவிடும். பதறாமல் துடுப்பைக் குத்திப் பின்னால் தள்ளினால் போதும்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மணல்திட்டு நீர் வரும் பக்கம் மெதுவாகச் சரிந்திருக்கும். நீர் போகும் பக்கம் சட்டென்று செங்குத்தாக இறங்கும். கணுக்கால் தண்ணீரில் நடக்கிறோம் என்று நினைத்து அடுத்த அடி வைத்தால் கழுத்தளவு, அதற்கு மேல் இழுப்பு. குளித்தலையில் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது காவிரி மணலில் மடு இருக்கிறது என்று பாட்டி கத்துவார்கள், அது போலத்தான் இதுவும். சாப்பிட இறங்கும்போதுகூட இரண்டு பேரும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. திட்டின் கீழ்முனைக்குப் போகவே கூடாது. இதில் மட்டும் அம்மாவிடம் வாதாடாதே.

சாப்பாட்டுக்கு எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டித் தருகிறேன். தண்ணீர் புகாத பை என்னிடம் இருக்கிறது. திட்டில் உட்காரும்போது சுற்றிலும் பார்த்துக்கொள். பைப்பிங் ப்ளவர் என்று ஒரு குட்டி உப்புக்கொத்தி வெறும் மணலில்தான் முட்டையிடும். கனடாவில் அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை. முட்டையும் மணல் நிறம்தான், மிதித்த பிறகுதான் தெரியும். ஒரு பறவை சிறகு ஒடிந்தது போல நடித்துக்கொண்டு உன் முன்னால் ஓடினால், கூடு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். எழுந்து வேறு திட்டுக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் காற்று. காலையில் ஆறு கண்ணாடி மாதிரி இருக்கும். மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து கிளம்பினால் நேராக முகத்தில் அடிக்கும், துடுப்பை நிறுத்தினால் படகு பின்னுக்கே போகும். ஆகவே எட்டு மணிக்கெல்லாம் தண்ணீரில் இருக்க வேண்டும். ஜூலையில் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறதே என்று மதியம் கிளம்பாதே. இடி கேட்டால் உடனே கரைதான்.

கிரான்பெரி ஃப்ளாட்ஸ் என்ற கரையோர இடத்தைத் தாண்டி, மின்நிலையம் தெரிந்து, கோர்டி ஹோவ் பாலத்தின் அடியில் போகும்போது நகரம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள். இடது கரையை ஒட்டி வா. விக்டோரியா பூங்காவில் ஏறியே ஆக வேண்டும். இன்னும் கொஞ்சம் போகலாம் என்று தோன்றும், போகக் கூடாது. கீழே ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் வியர் இருக்கிறது. 1930-களின் பஞ்ச காலத்தில் ஆட்களுக்கு வேலை கொடுக்கக் கட்டிய தடுப்பணை. படகில் தாழ உட்கார்ந்து வருபவனுக்கு ஆறு ஒரு நேர்கோட்டோடு முடிவது மட்டும்தான் தெரியும், விழும் தண்ணீர் தெரியாது. விழுந்த தண்ணீர் கீழே சுற்றிச் சுற்றித் திரும்பி வரும், மாட்டிய ஆளை வெளியே விடாது. அங்கே மீன் பிடிக்கக் கூடும் வெள்ளைக் கூழைக்கடாக்களை அவளுக்குக் கட்டாயம் காட்டு, ஆனால் சாயங்காலம் நடைபாதையில் நின்றபடி.

அப்படி நடக்கும்போது டிராஃபிக் பாலத்தையும் பாருங்கள். 1908 ஜூன் 7-ம் தேதி, ஆற்றில் வெள்ளம் ஓடும்போது, 'சிட்டி ஆஃப் மெடிசின் ஹாட்' என்ற நீராவிக் கப்பல் அந்த இடத்தில் பாலத்தின் தூணில் மோதிக் கவிழ்ந்தது. முழுகியிருந்த கம்பிகள் சுக்கானில் சிக்கிக் கப்பலைத் திருப்ப முடியாமல் போனதாம். யாரும் சாகவில்லை. பழைய பாலத்தை எடுத்துவிட்டு 2018-ல் அதே இடத்தில் புதுப் பாலம் திறந்தார்கள், அது உனக்கே தெரியும்.

சட்டப்படி ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், விசில், தண்ணீர் இறைக்கப் பாத்திரம், 15 மீட்டர் மிதக்கும் கயிறு எல்லாம் வேண்டும். கயிறும் விசிலும் வாங்கி வைத்துவிட்டேன். அப்பா உங்களைக் காலையில் இறக்கிவிட்டு, மூன்று மணிக்கு விக்டோரியா பூங்காவில் வண்டியோடு நிற்பார். நான் என் படகில் உங்களுக்குப் பின்னால் வருகிறேன், தொந்தரவு செய்ய மாட்டேன்.

லைஃப் ஜாக்கெட் உடம்புக்குச் சரியாக இருக்க வேண்டும். அவளுடைய எடையும் மார்புச் சுற்றளவும் கேட்டு இந்த வாரத்துக்குள் அனுப்பு. அவளுக்கு நீந்தத் தெரியுமா என்பதையும் உண்மையாகச் சொல். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவளுக்கு இரட்டைக் கயாக் எடுத்து என்னோடு உட்கார வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா