நீ சொன்ன ‘ஒன்றுமில்லை’

தண்டையார்பேட்டை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் கம்மியிருந்ததைக் கேட்டு, “என்னம்மா?” என்றேன். “ஒண்ணுமில்லப்பா” என்றாய். சற்று நேரம் இருவரும் பேசவில்லை, பிறகு வைத்துவிட்டோம். அந்தச் சொல் ஐந்து நாட்களாக என்னை விடவில்லை.

உள்ளே ஒன்றுமில்லாமல் செய்வதுதான் என் தொழிலில் பாதி வேலை. காசிமேட்டு மீன் வியாபாரிகளின் ஃப்ரீசருக்குக் கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் வேக்கம் போடுவேனே, அந்தப் பம்பு ஓடும் சத்தத்தில் உட்கார்ந்துதான் நீ வீட்டுப்பாடம் எழுதினாய். குழாய்க்குள் துளி ஈரம் தங்கினாலும் அது கேபிலரி என்ற மெல்லிய குழாயின் நுனியில் உறைந்து வழியை அடைத்துவிடும். காற்றை உறிஞ்ச உறிஞ்ச, உள்ளே இருக்கும் தண்ணீர் அடுப்பில்லாமலே, கடையில் இருக்கும் சூட்டிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறுகிறது. அதன்பின் வால்வை மூடிவிட்டு அரை மணி நேரம் அழுத்தம் காட்டும் கேஜையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முள் ஏறினால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

நீ படிக்கும் ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரத்தின் மேயராக இருந்த ஓட்டோ ஃபான் கெரிக்கே, 1650-களில் இரண்டு அரைக்கோளங்களைப் பொருத்தி உள்ளிருந்த காற்றை எடுத்துவிட்டு, இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கவைத்தும் அவை எளிதில் பிரியவில்லை என்று எனக்குச் சொன்னவள் நீ. உள்ளிருந்த வெறுமை அவற்றைப் பிடித்துவைக்கவில்லை, வெளியிலிருந்த காற்றுதான் அழுத்தியது என்றும் விளக்கினாய். வெற்றிடத்தில் மின்னூட்டமில்லாத இரு உலோகத் தகடுகளை மிக நெருக்கமாக வைத்தால் ஒன்றையொன்று ஈர்க்கும் என்று இயற்பியலாளர் காசிமிர் 1948-இல் கணக்கிட்டதையும் உன்னிடமிருந்தே அறிந்தேன்.

இல்லாதது போலத் தோன்றும் இடத்தில் ஏதோ இருப்பது நம் மொழியிலும் உண்டு. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலமும் ‘ஊறுகாய்’ என்ற ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. ஆனால் காலம் காட்டும் எழுத்து அதில் ஒன்றுகூட இல்லை. அது மறைந்து நிற்பதால்தான் வினைத்தொகை என்றார்கள். பரிபாடலில் எண்கள் வரிசையாக வரும் இடம் ‘பாழ்’, அதாவது வெறுமை என்று தொடங்கி, கால், பாகு (அரை), ஒன்று என்று ஏறுகிறது.

ஆனால் இதையெல்லாம் படிப்பதற்கு முன்பே எனக்குக் கூத்தில் அது பழகியிருந்தது. ஆடியில் கூழ் வார்த்த இரவு, தெருவில் இருவர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கர்ணன் அதன் பின்னால் நின்று பாடுவான். சலங்கை கேட்கும், கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், ஆள் தெரியாது. திரை விலகியதும் அவன் அந்த வெறும் மண்ணை ஒருமுறை சுற்றி வருவான், குருக்ஷேத்திரம் வந்துவிடும். ஒரு மரப்பலகைகூட அங்கே கிடையாது. உன் பாட்டி மடியில் உட்கார்ந்திருந்த நான், அம்பு என் பக்கம் வருகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், அம்மா. ஞாயிறன்று நான் அவசரப்பட்டுப் போனை வைத்துவிட்டேன்; முள் நிற்கிறதா என்று பார்க்கவில்லை. இந்த வாரம் நீ அழைக்கும்போது கடையை மூடிவைத்திருப்பேன். மறுபடியும் ஒண்ணுமில்லப்பா என்றே சொன்னாலும் சொல். அரை மணி நேரம் நான் வைக்கமாட்டேன்.

அன்புடன்,
அப்பா